விபூதி போட்டுத் துலக்கிய ஒரு வெள்ளி

சிங்கப்பூரில் நாம் டாலரை இன்னமும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி என்று நாள் முழுக்கச் சொன்னாலும் இப்போதைய ஒரு வெள்ளி நாணயத்தில் வெள்ளி துளிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா எல்லாம் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1903இல் வெளிவந்த முதல் டாலர் 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி.

அப்படி ஒன்று, 1904ஆம் ஆண்டுக்காரன், பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஒரு தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் விபூதி போட்டுத் துலக்கிவிட்டார். பளபளவென்று மின்னியதைப் பெருமையாகப் பழைய நாணயம் வாங்கும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் விளக்கடியில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார், தராசில் வைத்தார், உலோகத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னார். அவ்வளவுதான்.

அந்த ஒரு சுற்றில் அவர் என்ன பார்த்தார்?

நாணயம் அச்சடிக்கும்போது வெள்ளி உருகுவதில்லை. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் பெரும் அழுத்தத்தில் நசுங்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் களிமண் மாதிரி வழிகிறது. வழிந்த தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாகப் பரப்பில் நின்றுவிடும். புழங்காத நாணயத்தை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளிக்கீற்றுகள் சுழன்று வருவது இந்த வரிகளால்தான். சாணச் சாம்பலில் சிலிக்கா உண்டு, அது வெள்ளியைவிடக் கடினமானது. துலக்கினால் அழுக்கோடு அந்த வரிகளும் போய், அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் வந்து உட்காரும். அதற்கப்புறமும் மினுங்கும், ஆனால் ஆரக்கால் சுற்றாது. திரும்ப வரவழைக்க வழியும் இல்லை.

சரி, கறுத்துப்போனதை அப்படியே விடுவதா? ஆமாம், விடுவதுதான். அது துரு இல்லை. சாதாரண வெப்பத்தில் வெள்ளி ஆக்ஸிஜனோடு சேராது, காற்றில் இருக்கும் கந்தக வாயுக்களோடுதான் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகும், நம் ஊர் ஈரப்பதம் அதை இன்னும் வேகப்படுத்தும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது சோப்புக் குமிழியில் தெரிவதுபோல மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று நிறம் காட்டி, தடித்த பிறகுதான் கறுக்கும். இயல்பாக ஏறிய அழகான நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

தேய்மானத்துக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் உண்டு. ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது, இப்போது உலகின் பல இடங்களில் மற்றக் காசுகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 60உம் அதற்கு மேலும் என்றால் கைமாறிப் புழங்காதது என்று பொருள். மன்னர் உருவத்தின் கிரீடம், தாடி மாதிரி மேடான இடங்கள்தான் முதலில் தேயும் என்பதால் கண் நேரே அங்கேதான் போகும்.

வயதுக்கும் விலைக்கும் ரொம்பச் சம்பந்தமில்லை. எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை உருகாமல் தப்பின என்பதே பெரிய கேள்வி. 1906இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். வெள்ளி விலை ஏறியதும் நாணயத்தைவிட அதிலிருந்த உலோகம் விலை கூடிப்போனது. உருக்கினால் லாபம் என்றால் யார் சும்மா இருப்பார்கள்? அரசு 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தது. 1919இல் அது 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. கணக்குப் பார்த்தால், ஒரு வெள்ளிக்குள் இருந்த சுத்த வெள்ளி பதினாறே வருடத்தில் 24 கிராமிலிருந்து எட்டரைக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஊரிலிருந்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் கொண்டுவந்த குடும்பங்கள் இங்கே நிறைய. 1940ஆம் ஆண்டு ரூபாய் எங்கும் கிடைக்கும், 1939 அபூர்வம். ஒரே ஒரு வருட வித்தியாசம்தான்! அதனாலேயே 1939 என்று போட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன.

போலியா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சிறு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 1904 டாலர் என்றால் தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்ட வேண்டும், ஏனென்றால் அந்தக் கலவை தண்ணீரைவிடப் பத்து மடங்குக்குச் சற்று மேல் அடர்த்தி. அதே எடைக்குச் செய்த பித்தளைப் போலி என்றால் 3 கிராமைத் தாண்டிவிடும். அம்மா துலக்கியது இந்தச் சோதனையில் தேறிவிட்டது, அது ஒரு ஆறுதல்.

அப்புறம், மெத்தென்ற பிவிசி உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். இந்த வெக்கையில் பிளாஸ்டிக் கசிந்து, பச்சையாய்ப் பிசுபிசுவென்று காசில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்டும் கூடாது, அதில் கந்தகம் இருக்கிறது. பச்சை ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் சற்று நேரம் ஊறவிட்டு எடுத்து, தானாகக் காயவிடலாம். துணியால் துடைக்க வேண்டாம்.