ஸ்டப்பைக் கம்பியாகவே வரையுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் அமெச்சூர் வானொலியின் இரண்டு மீட்டர் அலைவரிசைக்கு ஏரியல் கட்டினால், சிக்னல் போய்ச் சேரவேண்டிய இடமெல்லாம் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் நிற்கும் 1217 மீட்டர் ஜெராய் மலை உச்சிகூட அங்கிருந்து ஏறத்தாழ 6 பாகை உயரத்தில்தான் தெரியும்.

146 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.05 மீட்டர். அரை அலைக் கம்பி ஒன்றின் தலையில் இன்னொன்றை நேராக இணைத்தால், மேல்கம்பியின் மின்னோட்டம் கீழ்க்கம்பிக்கு எதிராக ஓடும். தொடுவானத்தை நோக்கி இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்; ஆற்றல் 36 பாகை சாய்வில், செம்பனை மரங்களுக்கும் மேலே, யாரும் இல்லாத வானத்துக்குப் போகும். இதைத் தடுக்க இடையில் இன்னோர் அரை அலைக் கம்பியை இரண்டாக மடித்து நுழைக்கிறோம். அதுதான் ஸ்டப். மடிப்பின் இரு கால்களிலும் ஓட்டம் எதிரெதிர் என்பதால் அது அதிகம் கதிர்வீசாது, ஆனால் மின்னோட்டத்தின் கட்டத்தை (ஃபேஸ்) 180 பாகை திருப்பிவிடும். கிடைப்பது ஒற்றை அரை அலைக் கம்பியான டைபோலைவிட 2 டெசிபலுக்குச் சற்றுக் குறைவான லாபம்.

இதைக் கணினியில் பார்க்க, ஏரியலைக் கணித்துக் காட்டும் மென்பொருள்களான 4நெக்2, எம்மானா-கால், 2022 முதல் இலவசமாகிவிட்ட ஈசிநெக் ஆகியவற்றில் எதுவும் போதும். (வரைந்து பார்க்க லைசன்ஸ் வேண்டாம், ஒலிபரப்பத்தான் மலேசியத் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் தேர்வு.)

பலர் சறுக்குவது இங்கேதான். நெக் எனும் கணக்கு நிரலில் இயங்கும் மென்பொருள்களில் டிரான்ஸ்மிஷன் லைன் என்று ஒரு வசதி உண்டு. நீளத்தையும் இம்பீடன்ஸையும் கொடுத்தால் ஸ்டப் தயார். ஆனால் அது வெறும் கணக்கு. அந்த லைன் கதிர்வீசாது, இரு கால்களிலும் ஓட்டம் மிகச் சரியாகச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். நிஜ ஸ்டப்போ ஏரியலின் நடுவில் தொங்குகிறது. அதன் இரு கால்களிலும் ஒரே திசையில் ஓடும் மிச்ச மின்னோட்டம் கொஞ்சம் இருக்கும். அது கட்டத்தையும் மாற்றும், கதிரையும் வீசும். ஆகவே ஸ்டப்பைக் கம்பியாகவே வரைய வேண்டும்.

தொடக்க அளவு: எல்லாக் கம்பியும் 4 மில்லிமீட்டர் விட்டம். மேல்கம்பியும் கீழ்க்கம்பியும் 980 மில்லிமீட்டர், ஒவ்வொன்றும் 49 செக்மென்ட் (கணக்குக்காகக் கம்பியைப் பிரிக்கும் சிறு துண்டு). இரண்டுக்கும் நடுவே இடைவெளி 40 மில்லிமீட்டர். ஸ்டப்பின் கால்கள் 500 மில்லிமீட்டர், 25 செக்மென்ட் வீதம். முனையை மூடும் 40 மில்லிமீட்டர் துண்டுக்கு 2 செக்மென்ட். இப்படிச் செய்தால் ஒவ்வொரு செக்மென்டும் 20 மில்லிமீட்டர், ஸ்டப்பின் இரு கால்களிலும் செக்மென்ட்கள் நேருக்கு நேர் நிற்கும். அவை விலகி நின்றாலும், இடைவெளியைவிட நீண்டாலும் விடை கெடும். ஸ்டப்புக்கு மட்டும் மெல்லிய கம்பி போடுவதும் ஆபத்து; வெவ்வேறு தடிமன் சேரும் மூட்டில் நெக்-2 தடுமாறும். சிக்னலைச் செலுத்தும் சோர்ஸைக் கீழ்க்கம்பியின் நட்டநடுச் செக்மென்டில் வையுங்கள். அடியில் கேபிளை ஏரியலோடு பொருத்தும் ஜே மேட்சிங் பகுதியைப் பிறகு சேர்க்கலாம்.

ஓடவிட்டதும் டெசிபலைப் பார்க்காதீர்கள், மின்னோட்டப் பட்டியலைப் பாருங்கள். இரு கம்பிகளின் நடுவிலும் கட்டம் சில பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் மூடும் துண்டை 10 மில்லிமீட்டர் வீதம் நகர்த்துங்கள். சரியான நீளம் பாடநூல் சொல்லும் 513 மில்லிமீட்டரில் வந்து நிற்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. கட்டம் பிசகினால் கதிர்க்கற்றை மேலோ கீழோ சாயும். இழப்பில்லாக் கம்பியோடு, தரையில்லா வெளியில் எல்லாத் திசைக்குமான சராசரி லாபம் 1.0-க்கு அருகில் வராவிட்டால், மாடலே தவறு.

கிடைமட்டமாக நீட்டிய ஸ்டப் கதிர்வடிவைச் சற்றுக் கோணலாக்கும். சுமார் 20 சென்டிமீட்டர் விட்டத்தில் முக்கால் வட்டமாக வளைத்தால் ஓரளவு சீராகும். கணினியில் வட்டத்தைச் சிறு நேர்க்கம்பிகளாக உடைக்கவேண்டும்.

ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளில் ஸ்டப் செய்தால், அலை கேபிளுக்குள் மெதுவாகச் செல்வதைக் காட்டும் வேகக் காரணி 0.66, அதாவது ஸ்டப் நீளம் 339 மில்லிமீட்டர். கேபிளின் உட்பகுதிக்கு மென்பொருளின் லைன் வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் வெளிப்பின்னலும் ஏரியலின் ஒரு கம்பிதான். அதைத் தனியாக வரையாவிட்டால் மாடல் பொய் சொல்லும்.

நெக்-2 பிவிசி குழாயை அறியாது. குழாய்க்குள் போட்ட ஏரியல் கணக்கைவிடத் தாழ்ந்த அலைவெண்ணில் ஒத்ததிரும், ஆகவே நிஜக் கம்பி சற்றுக் குட்டையாக வரும். முதலில் நீளமாக வெட்டி, மூடும் துண்டை நகரும் கிளாம்பாக வைத்து, குழாய்க்குள் நுழைத்த பிறகு சரிசெய்யுங்கள். ஸ்டப் ஏரியலோடு சேரும் இடத்தில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். அங்கே மரக்கட்டையை இன்சுலேட்டராக வைத்தால் முதல் சாயங்கால மழையிலேயே எஸ்டபிள்யூஆர் (ஏரியல் பொருந்தாமல் அலை திரும்புவதன் அளவு) ஏறும். டெஃப்லான் அல்லது பாலிஎத்திலீன் துண்டு போடுங்கள்.