பையனுக்கு மகரக்கட்டு உடைகிறதா? பாட்டு கிளாஸை நிறுத்தாதீர்கள்

மார்கழி முடிந்து தை பிறந்த கையோடு, குரல் பயிற்சி கொடுக்கிற என்னிடம் இந்தக் கூட்டம் வர ஆரம்பித்துவிடும். திருப்பாவை, திருவெம்பாவைப் போட்டியில் போன வருஷம் முதல் பரிசு வாங்கிய பையன், இந்த வருஷம் முதல் சுற்றிலேயே வெளியே. பள்ளிக்கூடத்தில் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பாட்டு வாத்தியாரோ, "ஒரு வருஷம் கழிச்சு அழைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கூட வரும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "குரல் போயிடுச்சுங்களே, இதுக்கு மாத்திரை ஏதாச்சும் இருக்குங்களா?" பையன் பேசமாட்டான். "பேர் என்ன தம்பி?" என்றால் அம்மா முகத்தைப் பார்ப்பான். வாயைத் திறந்தால் எந்தக் குரல் வெளியே வரும் என்று அவனுக்கே தெரியாது. திறக்காமல் இருந்துவிடுவதே மேல் என்று முடிவு செய்திருப்பான்.

இந்தத் தை மாதம் இப்படி வந்த பையன்கள் ரொம்ப அதிகம். தாங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மகரக்கட்டு உடைவது, அதாவது பருவ வயதில் பையனின் குரல் ஆண் குரலாக மாறுவது, நோயில்லை என்று எல்லாருக்கும் தெரியும். 12, 13 வயதில் தொடங்கும். ஆட்டம் காட்டுவது சில மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை. முழுசாக நிலைபெற 17, 18 வயதாகும். குரல்வளை பெருத்து, குரல் நாண் நீண்டு தடிப்பதால் பேச்சுக்குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையுள்ள தூரம்) இறங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். காவேரிப் புதுத்தண்ணியில் குளித்ததாலோ, அறுவடைத் தூசி பட்டதாலோ, பன்னீர் சோடா குடித்ததாலோ வந்தது இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு நினைப்பைப் பார்த்து. "குரல் இப்படி ஆயிடுச்சு, அப்ப இவனுக்குப் பாட்டு வராது போலிருக்கு" என்கிற நினைப்பு. படித்தவர்களும் சொல்கிறார்கள். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிற மாமாக்களும் சொல்கிறார்கள். சாரீரம் (பாடுகிற குரல்) வேறு, ஞானம் வேறு என்று தெரியாத ஊரா இது? ஸ்வரம் இடம் பிசகினால் காது கூசுவது, தாளம் உள்ளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது, ஒரு சங்கதியை ஒருமுறை கேட்டதும் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் ஞானம். குரல்வளையில் குருத்தெலும்பும் சதையும் வளர்வதால் இதில் ஒரு துளிகூடக் குறையாது. எட்டு வயதிலிருந்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அப்படியே இருக்கிறது. அது வெளியே வருகிற வழிதான் மராமத்தில் இருக்கிறது.

நம்பவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அவன் எதிரில் யாராவது ஜண்டை வரிசையை வேண்டுமென்றே ஓர் ஸ்வரம் தப்பிப் பாடட்டும். பையன் புருவத்தைச் சுளிக்கிறானா பாருங்கள். ஆதி தாளத்தைப் போடச் சொல்லி, ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) கையை நிறுத்தி மனசுக்குள் எண்ணிவிட்டு அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்று தொடங்குகிற இடத்தில், தட்டச் சொல்லுங்கள். தெரிந்த கீதத்தைக் கீபோர்டில் தடவித் தடவி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றும் சரியாக வந்தால் அவன் ஞானத்துக்கு ஒரு குறையும் இல்லை. போட்டியில் தோற்றது குரல்வளை. அதற்கு அவன் பொறுப்பில்லை.

இந்த இடத்தில் ஆறுதல் சொல்ல வரும் உறவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "ராமானுஜனே கும்மோணம் காலேஜ்ல கோட்டை விட்டவர்தாண்டா" என்பீர்கள். உண்மைதான். 1904-ல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். ஆனால் அதற்குப் பிறகும் நோட்டை மூடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொன்னால் பையனுக்கு என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டியது இப்போது, இந்தக் குரலை வைத்துக்கொண்டு, இன்று சாயங்காலம் என்ன பாடுவது என்கிற விவரம்.

முதல் காரியம் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கிற ஷட்ஜம் (ஸ). அதைக் கீபோர்டின் வெள்ளைக் கட்டை எண்ணில் சொல்வார்கள்: C-தான் 1 கட்டை, எண் கூடக் கூடச் சுருதி உயரும், 1½ என்றால் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை. பெரும்பாலான பையன்களுக்குக் குரல் உடைவது 5 கட்டையில் பாடிக்கொண்டிருக்கும்போதுதான். கிளாஸில் பெண் பிள்ளைகள் 5-ல் பாடுவார்கள், வாத்தியார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சுருதி வைப்பார். உடையும் குரலுக்கு இதைப்போல வில்லங்கம் கிடையாது. மேல் 5-ல் பாடினால் தார ஷட்ஜம் (மேல் ஸ) எட்டாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடினால் மந்தரமே (கீழ் ஸ்தாயி) கேட்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பையன் சத்தமில்லாமல் வாயசைப்பான். வெளியிலிருந்து பார்ப்பவர் "சுருதி சேரலை" என்பார்.

அவன் சுருதியைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் பல் தேய்த்துச் சிற்றுண்டி முடித்து ஒரு மணி நேரம் போகட்டும். வாயை மூடி "ம்" என்று மெதுவாகக் கீழே இறங்கச் சொல்லுங்கள். கரகரப்பில்லாமல், தாடையை நெஞ்சில் அழுத்தாமல், நிம்மதியாக நிற்கிற கடைசி இடம் எதுவோ அதைக் கீபோர்டில் பிடியுங்கள். அதுதான் அவனுக்கு மந்தரப் பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப). அதற்கு அடுத்ததிலிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து மேலே எண்ணினால் ஐந்தாவது ஷட்ஜம். உதாரணமாக 6 கட்டையில் நின்றான் என்றால் அவன் ஷட்ஜம் 2 கட்டை. மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள், இறங்கிக்கொண்டே வரும். 5, 4, 3, 2 என்று வந்து, பெரும்பாலானவர்களுக்கு 1-லோ 1½-லோ நிற்கும். ஒரே வாரத்தில் இரண்டு கட்டை இறங்கினாலும் பதற வேண்டாம். சுருதிப்பெட்டியைத் திருப்ப ஒரு நொடி.

இரண்டாவது, எல்லை. மந்தரப் பஞ்சமத்திலிருந்து மத்ய பஞ்சமம் வரை, அவ்வளவுதான். மோசமான மாதங்களில் மந்தர தைவதத்திலிருந்து மத்யமம் வரைகூடப் போதும். "இத்தனூண்டுல என்னத்தப் பாடறது?" என்று கேட்பவர்களுக்கு நம் சங்கீதமே பதில் வைத்திருக்கிறது. நவரோஜ் ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ப த நி ஸ ரி க ம ப. பஞ்சமத்தோடு முடிகிற பஞ்சமாந்த்ய ராகம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இவன் குரலுக்குள் அடங்கும். புன்னாகவராளியும் குறிஞ்சியும் நிஷாதத்தை ஒட்டிக் கீழே தொட்டு, மேலே தைவதம் நிஷாதத்துக்குள் நின்றுவிடும். கொஞ்சம் தேறிய பிறகு அவற்றுக்குப் போகலாம். ஒரு விஷயம் மறக்காதீர்கள். இந்த ராகங்களை மத்யம சுருதி வைத்து, அதாவது மத்யமத்தையே (ம) ஷட்ஜமாகக் கொண்டு, பாடுவது வழக்கம். இவனுக்கு அப்படி வைத்தால் குரலைத் திரும்ப மேலே தூக்கிவிட்டதாக ஆகும். அவனுடைய ஷட்ஜத்திலேயே வையுங்கள், வித்வான்கள் மன்னிப்பார்கள்.

குரல் பிளக்கிற இடம் ஒன்று இருக்கும், பலருக்குப் பஞ்சமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவில். கீழேயிருந்து முட்டிக்கொண்டு அதை ஏறக் கூடாது. மேலிருந்து லேசான "ஊ"வில் சறுக்கிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். பத்து முறை சறுக்கினால் நாலு முறை பிளக்கும். பிளக்கட்டும். சிரிக்காதீர்கள். கழுத்து நரம்பு புடைத்தாலோ மோவாய் மேலே தூக்கினாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

நேரம் காலையில் 15 நிமிஷம், மாலையில் 15 நிமிஷம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிச் சாதகம் செய்ய வைக்கிற வீடுகள் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. எழுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மந்தர ஸ்தாயி மட்டும், அதுவும் "ம்" என்ற முனகலில். தூங்கி எழுந்த குரல் கனத்திருக்கும். வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொன்னால் அன்று முழுக்க அவனால் பேசக்கூட முடியாது.

எங்கள் தொழிலில் பிள்ளைகளுக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவின் நுனியை 2 முதல் 3 செ.மீ. ஆழம் மட்டும் உள்ளே விட்டு, "ஊ" என்று ஊதிக்கொண்டே ஷட்ஜம் பிடிப்பது. குமிழி ஒரே சீராக வர வேண்டும். அப்படியே ஸ, ரி, க, ம ஏறி இறங்கலாம். நாள்தோறும் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிஷம். ஸ்ட்ராவை அடிவரை விடாதீர்கள், அழுத்தம் கூடித் தொண்டை இறுகும். காபி கலக்குகிற மெல்லிசுக் குழாயும் வேண்டாம்.

மிளகு, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு. இதைப் பற்றிக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. விழுங்குகிற எதுவும் குரல் நாண் மேல் படாது, உணவுக்குழாய் வழியாகப் போய்விடும். பட்டால் புரையேறும். இதமாக இருக்கிறது என்றால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளட்டும். அதை நம்பிக்கொண்டு பயிற்சியை விடக் கூடாது. தண்ணீர் அடிக்கடி குடிக்கட்டும். தொண்டையைக் காறிக் காறிச் செருமுவதும், குரலைக் காப்பாற்றுகிறேன் என்று குசுகுசுவென்று பேசுவதும் இரண்டுமே கெடுதல்.

சில பையன்கள் பழைய பரிசை விடமுடியாமல், குரலை இழுத்துப் பிடித்து 5 கட்டையிலேயே வைத்திருப்பார்கள். வீட்டிலும் "பாத்தீங்களா, எங்க பையனுக்கு இன்னும் தேன் மாதிரி குரல்" என்று பெருமை. 16, 17 வயதிலும் பெண் குரலில் பேசிக்கொண்டு வந்து நிற்பான். கல்லூரியில் கேலி பொறுக்காமல் வருகிறவர்கள் இவர்கள்தான். இருமச் சொன்னால் இருமல் மட்டும் கனமான ஆண் குரலில் வரும். குரல்வளை வளர்ந்துவிட்டது, பழக்கம்தான் மாறவில்லை என்பதற்கு அது அடையாளம். பியூபர்ஃபோனியா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்குச் சில அமர்வுப் பயிற்சியிலேயே சரியாகிறது, வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும். இரண்டு மூன்று அரைக்கட்டை இறங்கும், கொஞ்ச நாள் பாட்டில் காற்று கலந்து வரும். "காத்து வருது, தேறாது" என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் அடங்கும்.

எது சாதாரணம் இல்லை? குரல் பிளந்து பிளந்து வருவது சாதாரணம். மூன்று வாரத்துக்கு மேல் இடைவிடாமல் கரகரவென்றே இருப்பது இல்லை. வலி, மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம் இருந்தாலும், 9 வயதுக்குள் குரல் உடைந்தாலும், 14 முடிந்தும் பருவ வளர்ச்சியின் அடையாளமே இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள். கரகரப்புக்குக் காது மூக்கு தொண்டை நிபுணர் ஸ்கோப் வைத்து நாணைப் பார்த்த பிறகுதான் பயிற்சி. பார்க்காமல் கழுத்தைப் பிடித்துவிடுகிறவர்களிடம் போகாதீர்கள்.

பாட்டு வாத்தியார்களிடம் ஒரு வேண்டுகோள். "ஒரு வருஷம் கழிச்சு வா" என்றால் பையன் வரமாட்டான். அந்த வருஷத்தில் செல்போனும் டியூஷனும் அவனை எடுத்துக்கொள்ளும். கிளாஸில் உட்காரட்டும், தாளம் போடட்டும், ஏழு தாள அலங்காரத்தையும் மூன்று காலத்தில் வாயால் சொல்லட்டும், ஸ்வரம் எழுதட்டும், முடிந்தால் வயலினையோ மிருதங்கத்தையோ தொடட்டும். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில்கூட (பையன்களே நடித்த நாடகக் குழுக்கள்) மகரக்கட்டு உடைந்த பையனை எல்லாரும் துரத்திவிடவில்லை, வேறு வேஷம் கொடுத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு. வாத்தியார் கைவிட்டாலும் வழி இருக்கிறது: திருவாரூரிலும் சீர்காழியிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருஷப் படிப்பு. பதின்மூன்று வயதில் ஒதுக்கப்பட்டவனுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் கையில் இருக்கிறது.

அம்மா அப்பாக்களே, அவன் குரல் பிளக்கும்போது போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். தவளை பொம்மையெல்லாம் போட்டுச் சித்தப்பா பதில் அனுப்புவார். அதைப் பார்த்த பிறகு பையன் கதவைச் சாத்திக்கொண்டுகூடப் பாடமாட்டான்.

போட்டி நடத்துகிறவர்களே, 12 முதல் 16 வரை என்று ஒரே பிரிவு வைத்து, ஒரே சுருதிப்பெட்டியை மேடையில் வைத்துவிட்டு, மூன்று நிமிஷத்தில் மணி அடிக்கிறீர்கள். விண்ணப்பத்தில் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் கேட்கிறீர்கள். "சுருதி: ___ கட்டை" என்று இன்னொரு வரி அச்சடிக்க எவ்வளவு ஆகும்?