மரத்துப்போன கணுக்காலுக்கு ஏன் இத்தனை ஸ்க்ரூ?

மாடிப்படியில் பிசகி கணுக்கால் முறிந்த இரண்டு பேரின் எக்ஸ்ரே ஒன்றுபோலவே இருக்கலாம். ஒருவருக்கு ஒரு பிளேட், ஏழெட்டு ஸ்க்ரூ, ஆறு வாரம் கால் ஊன்றாமல் இருப்பது. அவ்வளவில் எலும்பு கூடிவிடும். மற்றவருக்கு இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி இல்லை. அவருக்கும் அதையே செய்தால், இரண்டாம் மாதம் ஸ்க்ரூக்கள் எலும்பைவிட்டுக் கழன்று, கணுக்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கக்கூடும்.

கணுக்கால் மூட்டு ஒரு கவ்வி மாதிரி. உள்பக்கமும் மேலும் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியா, வெளிப்பக்கம் மெலிந்த எலும்பான ஃபிபுலா. நடுவில் டேலஸ் எலும்பு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. டேலஸ் வெளிப்பக்கமாக வெறும் 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் ராம்சேயும் ஹாமில்டனும் அளந்து காட்டினார்கள். அதனால்தான் ‘கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது’ என்பது இந்த மூட்டில் போதாது.

வழக்கமான முறையில் முதலில் ஃபிபுலாவின் நீளத்தையும் திருக்கத்தையும் சரிசெய்கிறார்கள். சாய்வான முறிவு என்றால் ஒரு லேக் ஸ்க்ரூ. இதில் ஒரு நுட்பம் உண்டு: ஸ்க்ரூ நுழையும் முன்சுவரில் 3.5 மி.மீ. துளை, எதிரேயுள்ள பின்சுவரில் 2.5 மி.மீ. துளை. 3.5 மி.மீ. ஸ்க்ரூவின் மரை பின்சுவரை மட்டுமே பிடிக்கும். முறுக்க முறுக்க இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று நெருக்கும். அதற்குக் காவலாக மேலே ஒரு பிளேட். உள்பக்கக் கணுவுக்குப் பெரும்பாலும் பாதி மரையுள்ள 4 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு. பிறகு ஃபிபுலாவைக் கொக்கியால் வெளியே இழுத்துப் பார்ப்பார்கள். அது டிபியாவை விட்டு விலகினால், மூட்டுக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, பின்னிருந்து முன்னாக 25–30 டிகிரி சாய்த்து, இரண்டு எலும்பையும் சேர்த்து ஒரு ஸ்க்ரூ.

இந்த ஏற்பாடு முழுவதும் நோயாளிக்கு வலிக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தெரியாமல் காலை ஊன்றினால் வலி அவரை உடனே தடுத்துவிடும். மரத்துப்போன காலில் அந்தத் தடை இல்லை. இரவில் கழிப்பறைக்கு நாலு எட்டு நடந்திருப்பார். நடந்ததே அவருக்கு உறைக்காது. எலும்பு கூடவும் அவருக்குக் கூடுதல் காலம் ஆகும். பிளேட் தாங்கவேண்டிய நாளும் நீள்கிறது, சுமையும் கூடுகிறது.

ஆகவே வலி செய்யும் வேலையை உலோகத்திடம் கொடுக்கிறார்கள். ஃபிபுலா பிளேட் வழியாகவே மூன்று நான்கு நீள ஸ்க்ரூக்கள் டிபியாவின் மறுசுவர்வரை போகும். மெலிந்த ஃபிபுலாவில் மட்டும் தொங்காமல், இரண்டு எலும்பின் நான்கு சுவர்களைப் பிடிக்கும். இவை பொதுவாகப் பிறகும் எடுக்கப்படுவதில்லை. எலும்பு மிருதுவாக இருந்தால், ஸ்க்ரூவின் தலை பிளேட்டோடேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட். ஆனால் இது சற்றுத் தடிமன். அந்த இடத்திலோ தோலுக்கடியில் சதையே கிடையாது. தடித்த பிளேட்டின்மேல் தையல் பிரிந்தால் கிருமி நேராக எலும்புக்குப் போகும். அதுவும் போதாதென்று தோன்றினால், குதிகாலிலிருந்து டேலஸ் வழியாக டிபியாவுக்குள் தடித்த கம்பிகளைச் சில வாரங்களுக்குச் செருகி வைப்பார்கள்.

வயதானவருக்கு, ஒற்றைக்காலில் வாக்கர் பிடித்து நடக்கவே முடியாதவருக்கு, இன்னொரு வழி உண்டு. உள்ளங்காலில் சிறிய வெட்டுப் போட்டு, குதிகால், டேலஸ், டிபியா மூன்றையும் கோக்கும் ஒரு நெயில், அதாவது எலும்புக்குள் செல்லும் தடித்த உலோகத் தண்டு. கணுக்கால் அசைவு போய்விடும். ஆனால் சீக்கிரம் காலை ஊன்றலாம், பக்கவாட்டில் பெரிய வெட்டும் இல்லை. குட்டையான நெயில் போட்டால் அதன் மேல்முனையில் டிபியா முறியும் ஆபத்து உண்டு, நீளமானதே நல்லது.

உலோகத்தைவிடத் தோல்தான் அதிகம் கெடுக்கிறது. வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும்வரை, ஒன்றிரண்டு வாரமானாலும், காத்திருக்க வேண்டும்; மூட்டு நழுவியிருந்தால் அதுவரை வெளிக்கம்பிச் சட்டம் பிடித்துக்கொள்ளும். 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. அதை விட்டுவிடக் கூடாது. இரத்த ஓட்டத்துக்குக் கணுக்காலில் எடுக்கும் இரத்த அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்: சுண்ணாம்பு படிந்த தமனி பிரஷர் பார்க்கும் பட்டையில் அமுங்காது, கணக்கு பொய்யாக உயர்ந்து காட்டும். கால்விரல் பிரஷரைப் பார்க்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் கணக்கு; அதைக் குறைக்கவும் அவ்வளவு காலம் ஆகும். முறிவு அதுவரை காத்திருக்காது. அறுவை நாட்களில் சர்க்கரையை 180-க்குள் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

பிறகு தையல் பிரிப்பதும் தாமதம், ஊன்றுவதும் தாமதம்: ஆறு வாரத்துக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு வாரம், அதன்பின்னும் பூட் அல்லது பிரேஸ். ‘வலிக்கவே இல்லை, நடந்தால் என்ன?’ என்று கேட்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். சில மாதம் கழித்துக் கால் வீங்கி, சிவந்து, மறுகாலைவிட 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், புண் இல்லாவிட்டாலும் அது சார்க்கோ பாதமாக இருக்கலாம்: எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கும் நிலை. அன்றே காலை ஊன்றுவதை நிறுத்தி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.