இழைக் கற்காரை: பெயரில் இருக்கும் வலு

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்குத் தளம் போட்ட அன்று, கலவையில் சேர்க்கச் சொல்லி ஒரு பொட்டலத்தைக் கொத்தனாரிடம் கொடுத்தேன். பிரித்தார். அரை அங்குல நீளத்தில் வெள்ளை வெள்ளையாகப் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகள். “என்னண்ணே, பிரஷ் முடிய நறுக்குன மாதிரி இருக்கு? இதப் போட்டா கம்பி வேணாமா?” என்றார்.

அவரைக் குழப்பியது பெயர்தான். ‘ஃபைபர் ரீஇன்ஃபோர்ஸ்டு கான்கிரீட்’ என்பதை ‘இழை வலுவூட்டிய கற்காரை’ என்று எழுதுகிறார்கள். கான்கிரீட்டின் லத்தீன் மூலத்துக்குச் சேர்ந்து வளர்ந்து இறுகியது என்று பொருள். கற்காரை என்பது கல்லும் காரையும். காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. காரை வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் இதை விளக்கவே வேண்டாம். (காரைக்குடியின் காரை வேறு, அது முட்செடி என்பார்கள்.) ஃபைபரை நார் என்றால் வாழையும் தென்னையும்தான் கண்ணுக்கு வருகின்றன. கலவையில் இப்படிப் போடும் மெல்லிய எஃகுத் துண்டையும் சேர்த்துச் சொல்ல இழையே தோது.

சிக்கல் ‘வலுவூட்டிய’வில். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். இழை சேர்ப்பதால் அமுக்க வலிமை பெரிதாகக் கூடுவதில்லை. எம்20 என்னும் தரத்துக் கலவை 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கம் தாங்கும் என்றால், இழை போட்டதும் அது 30 ஆகிவிடாது. இழைக்கு வேலை வருவது விரிசல் விழுந்த பிறகு. சாதாரணக் கட்டியைச் சம்மட்டியால் அடித்தால் பிளந்து விழும். எஃகு இழை போட்ட கட்டியோ வாய் பிளந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும்; உள்ளே இழைகள் இரு கரையையும் பிடித்திருக்கும். எளிதில் உருவிக்கொண்டு வராதபடி அவற்றின் முனைகளைக் கொக்கிபோல வளைத்திருப்பார்கள். கன அளவில் 1 சதவீதம் என்றாலே கன மீட்டருக்கு 78 கிலோ எஃகு.

எங்கள் பொட்டலம் கன மீட்டருக்கு 900 கிராம் கணக்கு. ஈரம் சட்டென்று காயும் முதல் நாளில் மயிரிழை வெடிப்பு விழாமல் காப்பதோடு அதன் வேலை சரி. கூடுதலாகக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும், கலவை இளகாது, உள்ள வலுவும் குறையும்.

செட்டிநாட்டுச் சுவர்களின் முட்டைப் பூச்சோடு இதை ஒப்பிடுகிறவர்களும் உண்டு. அது வேறு, அதில் சேரும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் வெல்லமும் சுண்ணாம்போடு கலந்தே போகும். இழை கரையாது. மண்சுவருக்கு மிதிக்கும் சேற்றில் போட்ட வைக்கோல்தான் இதற்கு உறவு.

அதனால் ‘இழைக் கற்காரை’ என்று நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். கொத்தனாரிடம் சொன்னது அதைவிடச் சுருக்கம்: “கம்பி இருக்கட்டும்ணே, இது வெடிப்புக்கு.” “அப்பச் சரி” என்று பொட்டலத்தை மொத்தமாகக் கவிழ்க்கப் போனார், உதிர்த்துப் போடச் சொன்னேன்.