கௌரவ இயக்குநர் என்று சட்டத்தில் ஒருவர் இல்லை

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒன்று சொல்வார்கள்: "நான் பெயருக்குத்தான் இருந்தேன்." காரைக்குடியில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவளாகத் தொழில் நடத்துகிறேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

போன மாதம் வந்தவர் தேவகோட்டைப் பக்கம் எண்ணெய் ஆலை நடத்துகிற பெரியவர். அரசுத் திட்டப் பணத்தில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் லாப நோக்கற்ற கம்பெனி ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பு அவரை இயக்குநராகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி தொடர்ந்து 3 நிதியாண்டுகளுக்குக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 164(2)-இன்படி அதன் இயக்குநர்கள் எல்லோருக்கும் 5 ஆண்டுத் தகுதியிழப்பு. பிரிவு 167 இன்னும் கொடுமையானது. தவறு செய்த கம்பெனியை விட்டுவிட்டு, அந்த மனிதர் இயக்குநராக இருக்கிற மற்றக் கம்பெனிகளில் பதவியைப் பறிக்கும். ஆக, தன் அப்பா காலத்து ஆலைக் கம்பெனியில் பெரியவர் இப்போது இயக்குநர் இல்லை. கடனைப் புதுப்பிக்கப் போன மகனிடம் வங்கி மேலாளர் சொல்லித்தான் இது வீட்டுக்கே தெரிந்திருக்கிறது.

"எத்தனை போர்டு கூட்டத்துக்குப் போனீர்கள் ஐயா?"

"கூட்டமா? திறப்பு விழாவுக்குப் போனேனம்மா. மாலை போட்டார்கள். நாலு வார்த்தை பேசினேன்."

"கணக்கில் கையெழுத்துப் போட்டீர்களா?"

"அந்தப் பொத்தான் மாதிரி ஒன்று உண்டே, கம்ப்யூட்டரில் செருகுவது, அது அவர்களிடமேதான் இருந்தது." டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைத்தான் சொல்கிறார்.

இவர் ஒருவர் கதை என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2017 செப்டம்பரில் மத்திய அரசு ஒரே மூச்சில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தபோது, இந்தப் பக்கத்திலும் பலர் பட்டியலில் இருந்தார்கள். மனைவி பெயரைப் போட்டிருந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் மைத்துனர் என்று எல்லோரும். அப்போதாவது பாடம் கற்றிருப்போம் என்று நினைத்தேன்.

இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அக்டோபரில் பி.எம். சேது என்ற பெயரில் அது தொடங்கிவைக்கப்பட்டது. உடைமை அரசுடையது, நிர்வாகம் தொழில்துறையுடையது என்பது அதன் அமைப்பு. அப்படியானால் ஐ.டி.ஐ.கள் சேர்ந்த ஒவ்வொரு தொகுப்புக்கும் நிர்வாகத்தில் உட்கார ஆள் வேண்டும். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். வளவில் உட்காரவைத்துக் காபி கொடுங்கள். கையெழுத்தை மட்டும் உடனே கொடுத்துவிடாதீர்கள்.

இனி அந்த "பெயருக்கு" விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சுருக்கமாகச் சொல்லி இதுவரை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

சம்பளம் வாங்கவில்லை, அதனால் பொறுப்பில்லை என்கிறார்கள். பிரிவு 8-இன் கீழ் பதிவான லாப நோக்கற்ற கம்பெனிகளில் பெரும்பாலான இயக்குநர்கள் பைசா வாங்குவதில்லை. இயக்குநரின் கடமைகளைச் சொல்லும் பிரிவு 166 நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று கேட்பதில்லை. உரிய கவனத்தோடும் திறமையோடும் விடாமுயற்சியோடும் நடந்தீர்களா, சொந்தமாக யோசித்து முடிவெடுத்தீர்களா என்று கேட்கிறது. தவறினால் அபராதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. காசோலையில் கையெழுத்துப் போடவில்லை என்பது அடுத்த சமாதானம். சரி, ஆனால் கணக்குத் தாக்கலில் உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே, அது யார் போட்டது? "அன்றாட நிர்வாகத்தில் நான் இல்லை, பிரிவு 149(12) என்னைக் காப்பாற்றும்" என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. முழுதாகப் படியுங்கள். போர்டு நடவடிக்கைகள் மூலமாகத் தனக்குத் தெரிந்து, தன் சம்மதத்தோடு அல்லது உடந்தையோடு நடந்ததற்கு மட்டுமே பொறுப்பு என்று சொல்லிவிட்டு, அக்கறையோடு நடந்துகொள்ளாதவரையும் அதே வரியில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கூட்டத்துக்கே போகாதவர் அக்கறையோடு நடந்ததாக எந்த வக்கீலும் வாதாட முடியாது. போதாக்குறைக்கு, 12 மாதம் நடந்த எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் பதவி, விடுப்புச் சொல்லியிருந்தாலும், தானாகவே போய்விடும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வரவழைப்பது, "அரசாங்கப் பணம்தானே, அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது. அரசு நியமித்த இயக்குநர் மாற்றலாகிப் போய்விடுவார், அடுத்தவர் வருவார், அவரும் போவார். நோட்டீஸ் வரும் நாளில் அதே முகவரியில் இருக்கப்போவது நீங்கள்தான். அரசுப் பணம் என்றால் கண்கள் கூடும், குறையாது. அரசின் பங்கு 51 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது அரசு கம்பெனி. அதன் தணிக்கையாளரை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் நியமிப்பார். தகவல் அறியும் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் மினிட்ஸ் நகல் கேட்கலாம். அரசு உதவி பெறும் நிறுவனத்தின் பொறுப்பாளர் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பார்வையில் பொது ஊழியராகவும் ஆகக்கூடும். (அரசு கம்பெனிகளுக்கு 164(2) பொருந்தாது என்று 2015-இல் விலக்குக் கொடுத்தார்கள். பெரியவர் இருந்த கம்பெனியில் அரசின் பங்கு அந்த அளவு இல்லை. விலக்கின் நிழல் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் அதில் ஒதுங்க வேண்டாம்.)

பொதுத்துறைத் திறன் அமைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 2008-இல் உருவான தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தில் அரசின் பங்கு 49, தனியாரின் பங்கு 51 சதவீதம். 2007-08இல் தொடங்கிய திட்டத்தில் 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தொழிலதிபர்கள் தலைமையில் நிர்வாகக் குழு அமைத்து, 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். அந்தக் குழு கம்பெனி அல்ல, சங்கம். கடன் வட்டியில்லாததுதான், திருப்பித் தரவேண்டாதது அல்ல. கூப்பிட வந்தவரிடம் முதலில் கேளுங்கள்: இது எந்தச் சட்டத்தில் பதிவானது? அவருக்கே தெரியவில்லை என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பிய காலத்தில் இந்த ஊரில் சம்பளச் சீட்டு எழுதாமல் யாரும் கப்பல் ஏறியதில்லை. எத்தனை ஆண்டு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் எல்லாம் சீட்டில் இருக்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகிற வரைக்கும் ஐந்தொகை பார்க்கத் தெரிந்துகொண்டார்கள். அவர்களின் பேரன்மார் இன்று வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு வரியை நம்பி ஆதாரும் பான் கார்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள்!

ஆள் தேடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நன்கொடை கொடுப்பவர், அமைச்சரோடு படம் எடுத்துக்கொண்டவர், சங்கத் தலைவர் என்று அழைப்பிதழ் அடிக்கிற கணக்கில் போர்டை நிரப்புகிறீர்கள். பிரிட்டனில் பொது அமைப்பின் வாரியத்துக்கு ஆள் எடுக்க விளம்பரம் கொடுக்கிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை ஆண்டுப் பதவி, சன்மானம் உண்டா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். விண்ணப்பிக்கிறவர் தன் அரசியல் ஈடுபாட்டையும் சொந்த நலன்களையும் எழுதித் தரவேண்டும். நம் மாவட்ட அளவு அமைப்புக்கு அவ்வளவு சடங்கு வேண்டாம். ஒரு தாளை எடுத்து, இந்த போர்டுக்கு என்னென்ன தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று எழுதுங்கள். கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவர். பயிற்சி முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிற ஒருவர். ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். பெண்கள், அதுவும் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு அல்ல.

தொழில் தெரிந்தவர் ஏன் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி ஓடு வார்க்கிறவரை போர்டில் உட்காரவையுங்கள். "மூன்று மாதத்தில் 60 பேருக்கு ஓடு தயாரிப்புப் பயிற்சி" என்ற தீர்மானம் வந்தால், எத்தனை தட்டு இருக்கிறது, யார் கையில் வாங்கிச் செய்து பார்ப்பார்கள், உடைகிற ஓடு யார் கணக்கில் என்று அவர் கேட்பார். கொட்டான் பின்னுகிற ஆச்சியும் கேட்பார், ஓலை எங்கிருந்து வருகிறது என்று. மாலை வாங்கியவர் கேட்கமாட்டார், கை தூக்குவார்.

கேட்காத கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரம் போகவேண்டாம். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் பற்றிய கணக்குத் தணிக்கை அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சுமார் 96 லட்சம் பயிற்சி பெற்றவர்களின் பதிவில், 94 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வங்கிக் கணக்கு இருக்கவேண்டிய கட்டத்தில் பூஜ்யமோ வெறுமையோதான் இருந்தது என்கிறது அது. ஒரே புகைப்படம் பலர் பெயரில் இருந்ததாகவும் சொல்கிறது. பெரிய பெயர்கள் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியையும் நினைத்துக்கொள்ளட்டும். அதன் போர்டில் ஹார்வர்டு பேராசிரியரே இருந்தார். 2009 ஜனவரி 7 அன்று தலைவர் தானே கடிதம் எழுதிக் கணக்கு மோசடியை ஒப்புக்கொள்கிற வரை போர்டு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பயிற்சி மையம் வைத்திருக்கிறவரையே இயக்குநராக்குவதும் இங்கே சகஜம். அவருக்கு அனுபவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் மையத்துக்கே பயிற்சி ஒப்பந்தம் கொடுக்கிற தீர்மானம் வரும்போது அவர் அந்த அறையில் இருக்கக்கூடாது. முதல் கூட்டத்திலேயே தன் தொடர்புகளை எம்பிபி-1 படிவத்தில் எழுதித் தரவேண்டும். பிரிவு 8 கம்பெனிகளில் 1 லட்சம் ரூபாய் வரையிலான ஒப்பந்தங்களுக்குச் சலுகை உண்டு. அந்தச் சலுகையைத் தொடாதீர்கள் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். மச்சான் மையம், சம்பந்தி மையம் என்றாலும் எழுந்து வெளியே போய்விடுங்கள். சின்ன ஊர், உறவு இல்லாத வீடு கிடையாது. ஒளித்தால்தான் குற்றம்.

சம்மதம் கொடுக்கும் முன் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். கடைசியாக ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதி, கடைசி ஐந்தொகைத் தேதி இரண்டும் இலவசமாகவே தெரியும். ஏற்கெனவே கணக்குத் தாக்கல் செய்யத் தவறிய கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவருக்குச் சட்டம் 6 மாத அவகாசம் தருகிறது. அதற்குள் நிலுவையை முடிக்கவைக்க முடியாது என்று தெரிந்தால் சேராதீர்கள்.

டிஐஆர்-2 என்பது உங்கள் சம்மதம், டிஐஆர்-8 என்பது தகுதியிழப்பு இல்லை என்ற உங்கள் அறிவிப்பு. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஆடிட்டர் அலுவலகத்து மேஜை அறையில் அல்ல, கம்பெனிக் கணக்குப் பிள்ளையிடமும் அல்ல. டின் என்கிற இயக்குநர் அடையாள எண்ணோடு இணைந்த செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்கட்டும். ஓ.டி.பி. கேட்டு யார் அழைத்தாலும், எதற்கு என்று கேட்காமல் சொல்லாதீர்கள். தயவுசெய்து.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் காணொளியில் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளுக்குக் குறையாமல் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பிரிவு 8 கம்பெனி 6 மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும். ஆண்டுக்கு இரண்டு நாள்! அதற்கும் நேரமில்லை என்றால் வேறு நல்ல காரியத்துக்கு நன்கொடை கொடுங்கள்.

கூட்டத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எதிர்த்தவரின் பெயரை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். பொதுவாகக் கம்பெனிகளில் 30 நாளுக்குள் அது எழுதப்பட வேண்டும். நகலைக் கேட்டுப் பாருங்கள். பதியவில்லை என்றால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான்.

விலக நினைப்பவர்கள் "இனிமேல் வரமாட்டேன்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அது ராஜினாமா ஆகாது. எழுத்தில் கொடுங்கள். கம்பெனிக்குக் கடிதம் கிடைத்த நாள், அல்லது நீங்கள் குறிப்பிட்ட நாள், இரண்டில் பிந்தியதிலிருந்துதான் அது செல்லும். அமைச்சகத்துக்குக் கம்பெனி தெரிவிக்காமல் இழுத்தடித்தால் டிஐஆர்-11 படிவத்தை நீங்களே தாக்கல் செய்யலாம். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு விலகிய பிறகும் பொறுப்பு உண்டு. எனவே கடித நகலையும், அது போய்ச் சேர்ந்ததற்கான அஞ்சல் ரசீதையும் நிலப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.