தென்னங்குருத்து கோணினால் உடனே மருந்து ஊற்றாதீர்கள்

போன வாரமும் குருத்தில் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேராவூரணிப் பக்கம், 2018 கஜா புயலுக்குப் பிறகு வைத்த இளந்தோப்பு. புது மட்டைகள் குட்டையாக, ஓலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, நுனி கொக்கியாக வளைந்திருந்தன. "வண்டுதான் சார், மருந்துக்கடையிலேயே சொன்னாங்க" என்றார் தோப்புக்காரர். குருத்தில் ஒரு துளைகூட இல்லை.

காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைக் குடைந்து தின்னும். மடிப்பாக இருக்கும்போதே வெட்டுப்படுவதால், மட்டை விரிந்ததும் கத்தரி போட்டதுபோல முக்கோண வெட்டுகள் இருபுறமும் வரிசையாகத் தெரியும். மட்டையடியில் துளையும் மென்று தள்ளிய நார்ச்சக்கையும் இருக்கும். வெட்டும் இல்லை, துளையும் இல்லை, சக்கையும் இல்லை என்றால் எந்த வண்டுக்கு மருந்து ஊற்றுகிறீர்கள்?

வெட்டே இல்லாமல் ஓலைகள் ஒட்டிக்கொண்டு வந்தால் முதலில் நினைக்க வேண்டியது போரான் பற்றாக்குறை. "சத்துக் குறைந்தால் மஞ்சளாகத்தானே ஆகும்?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். எல்லாச் சத்துக்கும் அது பொருந்தாது. தழைச்சத்தோ சாம்பல்சத்தோ குறைந்தால், மரம் அடிமட்டையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடிமட்டை மஞ்சளாகும். போரானைத் தென்னையால் அப்படி இடம் மாற்ற முடியாது. வேரிலிருந்து வரத்து நின்றால் அப்போது உருவாகும் குருத்துதான் கோணும். மட்டை பச்சையாகவே இருக்கும், வடிவம் மட்டும் கெட்டிருக்கும். மணற்பாங்கான நிலத்தில் பெருமழை போரானைக் கழுவிக்கொண்டு போய்விடும். வறட்சியிலும் வேரால் எடுக்க முடியாது. குறை முற்றினால் கொண்டையே நெருங்கிச் சிறுத்துவிடும்.

தோப்பில் களைக்கொல்லி அடித்தீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிளைபோசேட் சாரல் இளங்கன்றில் பட்டாலும் குருத்து கிட்டத்தட்ட இப்படியே கோணும். குருத்து இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

போரான் குறைதான் என்றால் காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 200 கிராம் வெண்காரம் (போரான் உள்ள போராக்ஸ் உப்பு) போதும். இரண்டு தவணையாகப் பிரித்து, ஈரமுள்ள வட்டப்பாத்தியில் தூவிக் கொத்திவிடுங்கள். இளமரத்துக்கு இந்த அளவு வேண்டாம். வயதைச் சொல்லி வேளாண் அலுவலரிடம் கேட்டுப் போடுங்கள். கூடினால் ஓலை நுனி கருகும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வெண்காரம் போட்ட அடுத்த மாதமே "ஒன்றும் மாறவில்லை" என்று இன்னொரு பிடி போடாதீர்கள். கோணிய மட்டை இனி நிமிராது. தென்னை மாதத்துக்கு ஒரு மட்டைதான் விடும், உள்ளே இருக்கும் குருத்துகள் ஏற்கெனவே உருவாகிவிட்டவை. நல்ல மட்டை வெளியே வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை புதிதாக விரியும் மட்டைகளை மாதாமாதம் போட்டோ எடுத்து வையுங்கள்; தயவுசெய்து மரத்தை வெட்டிவிடாதீர்கள்.