எலிக்காய்ச்சல்: வயலில் இறங்கமுன் குளிசை, காய்ச்சல் வந்தால் பரிசோதனை

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இளவயதினர் சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தார்கள். என்ன காய்ச்சல் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. தடுக்கவும் குணப்படுத்தவும் கூடிய நோய் இது. இலங்கையில் அதற்கான மருந்தும் சிகிச்சையும் அரச சுகாதார சேவையில் இலவசம்.

எலி, மாடு போன்றவற்றின் சிறுநீரில் இருக்கும் பக்டீரியா, தேங்கிய நீரில் கலந்து காலில் உள்ள சிறு காயம் வழியாக உடலுக்குள் போகிறது. அதனால் வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.), அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீருடன். வேலை தொடங்க ஒரு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள் இதை எடுக்கக் கூடாது.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. தலையிடி, கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்க வேண்டாம். வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக, "வயலில இறங்கினனான்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தெரிய வழியில்லை.

பலர் தடுமாறுவது விரைவுப் பரிசோதனையில்தான். கொஞ்சம் இரத்தத்தை ஒரு பட்டியில் விட்டால் அரை மணி நேரத்துக்குள் கோடு தெரியும். ஆனால் அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாக ஐந்து முதல் ஏழு நாட்கள் பிடிக்கும். மூன்றாம் நாள் 'இல்லை' என்று வந்த முடிவை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த நாட்களில் பி.சி.ஆர். பரிசோதனைதான் கிருமியைக் காட்டக்கூடும். முடிவு வரும்வரை சிகிச்சையும் காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே வைத்தியர் மருந்தைத் தொடங்கலாம்.

அப்புறம், இது அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியசாலை அறிவித்தல் அனுப்பும், பி.எச்.ஐ. வீட்டுக்கு வருவார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்த வயல், எந்த வாய்க்கால் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அதே தண்ணீரில் இறங்கிய மற்றவர்களுக்கும் குளிசை போய்ச் சேர வேண்டும்.